ஈரத்தைக் கத்திச் சொல்கிற வேலை

போன ஆனி மாதம் சுபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற விதைக் கிடங்கில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண் அவள்.

"எக்கா, இங்கன புது மீட்டர் வந்துருக்கு. மூட்டைக்குள்ள குத்துனாப் போதும், ஈரம் எவ்வளவுன்னு நேரா என் போனுக்கு வந்துருது. ஆனா இந்த வடகரைக்காரங்க மூட்டைய இறக்கிட்டு வாசல விட்டு நகர மாட்டேங்காங்க. என்னன்னு கேட்டா, 'இன்னும் நீ கத்தலையேம்மா'ங்காங்க. நான் என்னத்தக்கா கத்தணும்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. சாரல் நேரத்தில் எங்கள் தெருவில் டவர் இருப்பதே பெரிய பாடு. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவள் மட்டும் படித்தாலும் போதும்.

என் பெயர் எஸ்தர். தென்காசிக்கும் ஆய்க்குடிக்கும் நடுவே ரோட்டோரமாக இருக்கும் அந்தக் கிடங்கில், தென்காசி தனி மாவட்டம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே வேலைக்குச் சேர்ந்தேன். தாவரவியல் படித்திருந்தேன். வெளியூரில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் சில மாதம் பழக அனுப்பினார்கள். உளுந்து, நெல், மக்காச்சோளம் என்று எல்லாவற்றையும் எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போய்த் திரும்பி வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

நேர்காணலில் மேனேஜர் தங்கராஜ் சார் கேட்டது ஒரே கேள்வி. "சத்தமாப் பேசுவியாம்மா?"

நான் கோயில் பாடகர் குழுவில் மைக் இல்லாமல் பாடுகிறவள். "எங்க வீட்டுல என்னைய மெதுவாப் பேசச் சொல்லித்தான் சார் திட்டுதாங்க" என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

தங்கராஜ் சார் கோவில்பட்டிக்காரர். கரிசல் வெயிலில் வளர்ந்த மனிதர். எங்கள் ஊர்ச் சாரலை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. "மழைன்னா மழையாப் பெய்யணும், வெயில்னா வெயிலா அடிக்கணும். இது என்னம்மா, தும்முன மாதிரி?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வருவார். குற்றாலத்துக்கு ஊர் உலகமெல்லாம் குளிக்க வரும்போது, இவர் அந்தத் திசையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். அவருக்குக் குரலே கிடையாது. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று கணக்கு. லோடு இறக்குகிறவர் ஒருவர் சோயா மூட்டையைத் தோளிலிருந்து தொப்பென்று போட்டபோது, கண்ணாடியே தேய்ந்துவிடும் என்று பயந்தேன். சோயாவுக்குத் தோல் மெலிசு. கீழே போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே முளைக்கிற இடம் நசுங்கியிருக்கும். அன்றிலிருந்து எங்கள் கிடங்கில் சோயா மூட்டையை முட்டைக்கூடை மாதிரித்தான் இறக்குவார்கள்.

கிடங்கில் நடைமுறை இப்படி. விவசாயி மூட்டையை இறக்கியதும், குழாயால் மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று இடத்தில் குத்தி மணி எடுக்க வேண்டும். எந்த இடத்தில் குத்துவது என்று விவசாயியே கை காட்டுவார். எடுத்ததைத் தட்டில் கொட்டிக் கலந்து, நிழலில் ஆறவிட வேண்டும். வெயிலிலிருந்து நேரே வந்த மணி மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும். சூட்டோடு அளந்தால் மீட்டர் நமக்குப் பிடித்த மாதிரிப் பேசும். ஆறின பிறகு மீட்டரின் கிண்ணத்தில் நிரப்பி, மேலே ஸ்கேலால் வழித்துவிட்டு அளக்க வேண்டும். மூன்று தடவை. மூன்றும் ஒத்துப்போனால் வாசலில் வந்து நின்று, ஆள் பெயர், ஊர், ஈரம் மூன்றையும் கத்திச் சொல்ல வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நிற்கிறவருக்கும் கேட்க வேண்டும்.

"துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு ரகசியமா விலை பேசுற யாவாரம் இங்க கிடையாது. எல்லாருக்கும் எல்லாரு நம்பரும் கேக்கணும்" என்பார் சார். கூடக் குறைய இருந்தால் மற்றவர்கள் முன்னாலேயே சண்டை போட்டுக்கொள்ளலாம். சண்டை நிறையவே நடந்தது. ஒருவர் என்னை, "இந்தப் பொம்பள தொண்டைக்கு ஒரு பூட்டுப் போடுங்கப்பா" என்றார். அவர் உளுந்தில் அன்றைக்கு ஈரம் நூற்றுக்குப் பதினாறு, எடுத்துக்கொள்ள முடியாத அளவு. பின்னே, எப்படி இனிக்கும்?

வேலாயுதம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருஷம் இருக்கும்போது. வடகரைக்காரர். குத்தகைக்கு உழுகிறவர். வாய் நீளம், நம்பிக்கை அதைவிட நீளம். வடகரையில் நெல்லும் தென்னையும்தான். அங்கே சோயா போடலாம் என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, வீடு வீடாகப் பேசி, பத்துப் பதினைந்து குடும்பத்தைச் சம்மதிக்க வைத்துவிட்டார். அதில் கடைசியாக ஒத்துக்கொண்டவர் பேச்சியம்மாள். வேலாயுதத்தின் பக்கத்து வயல்காரி. "இவம் பேச்ச நம்பி மாடு வாங்குனேன், அது பால் கறக்கல. இப்பம் சோயாவாம்" என்று எங்கள் வாசலிலேயே சொன்னவர்.

ஏற்பாடு எளிது. மாசியில் விதைத்து வைகாசிக் கடைசியில் அறுப்பது. அதில் நல்ல மணியை விதைக்காக எங்கள் கிடங்கில் போட்டு வைத்து, புரட்டாசியில் அவரவர் எடுத்துக்கொண்டுபோய் மறுபடி விதைப்பது. மிச்சத்தைச் சோயா வாங்குகிற கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

வேலாயுதத்துக்கு மட்டும் இதில் இன்னொரு கத்தி தொங்கியது. அவருடைய நிலத்துக்காரர் வயலைத் திருப்பி வாங்கித் தென்னை வைத்துவிட வேண்டும் என்று நின்றார். இவர் கெஞ்சி ஒரு வருஷம் தவணை வாங்கியிருந்தார். புரட்டாசியில் வயலில் சோயா முளைத்து நின்றால் குத்தகை தொடரும். வயல் சும்மா கிடந்தால் தென்னங்கன்று இறங்கிவிடும். இதை அவரே எங்களிடம் சொன்னார். "எக்கா, தென்னை வச்சிட்டா அப்புறம் என் ஆயுசுக்கு அந்த மண்ணு எனக்கில்ல."

அந்த வருஷம் பார்த்து, சாரல் முந்திக்கொண்டது. செடி மஞ்சள் திரும்பி இலை கொட்டி, காய் கலகலவென்று ஆடுகிற பருவம். அப்படியே விட்டால் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, காய் வெடித்து மணி மண்ணில் கொட்டிவிடும். அவசர அவசரமாக அறுத்து அடித்து மூட்டையாக்கிக் கொண்டுவந்தார்கள். நான் வாசலில் நின்று கத்தினேன். பதினாறு. பதினாறரை. பதினேழு. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் முகம் சுருங்கியதைப் பார்த்து, எனக்கே என் தொண்டையைப் பிடிக்காமல் போயிற்று.

பன்னிரண்டுக்கு மேலே இருக்கிற விதையைக் கிடங்குக்குள் ஏற்ற முடியாது. மூட்டைக்குள்ளேயே சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், ஆவணி வருவதற்குள் முளைப்பு செத்துவிடும். புரட்டாசி வரை தாங்க வேண்டுமென்றால் பத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். காய வைக்கலாம் என்றால் வெயில் எங்கே? தாழ்வாரத்தில் விரித்துக் கிளறினோம். ஒரு நாள் முழுக்கக் கிளறிவிட்டு மறுநாள் அளந்தால் அதே பதினாறு. சன்னலைத் திறந்தால் காற்று வரும் என்றார் ஒருவர். "அந்தக் காத்தே தண்ணிதானே. மூடுங்க எல்லாத்தையும்" என்றார் சார், கண்ணாடியைத் துடைத்தபடி.

பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து, மணியைக் கையால் அளைந்துகொண்டே சொன்னார். "நெல்லுன்னா அவிச்சாவது திம்போம். இத என்னத்தச் செய்ய?"

வேலாயுதம் அன்றைக்கே தன் மூட்டைகளை மட்டும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை. "ஊர இழுத்துவிட்டுட்டு அவம் போயிட்டான் பாத்தியளா" என்று எல்லோரும் ஏசினார்கள். நானும் உள்ளுக்குள் ஏசினேன்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டோ திரும்பி வந்தது. வேலாயுதம் முகமெல்லாம் கறுத்து, பல் மட்டும் தெரியச் சிரித்துக்கொண்டு இறங்கினார். "அளங்க எக்கா."

குத்தி எடுத்தேன். ஆறவிட்டேன். நன்றாகவே ஆறவிட்டேன், சந்தேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் கூட வைத்தேன். மூன்று தடவையும் பத்தரை. வாசலில் வந்து, "வேலாயுதம், வடகரை, பத்தரை!" என்று கத்தியபோது டீக்கடையில் கை தட்டினார்கள்.

"எங்கன வேலு காய வச்சீங்க?" என்றார் சார்.

"பாவூர்சத்திரம் தாண்டிட்டா அங்கிட்டு வெயில் கொளுத்துது சார். இங்கன அடிக்க அதே காத்துதான், அங்கன போனா நெருப்பா வீசுது. துணி போட்டா மொடமொடன்னு ஆயிருது."

எங்களுக்கெல்லாம் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர். இங்கே சாரல் என்றால் அங்கே வறண்ட காற்று என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். ஆனால் மூட்டை இங்கே இருப்பதால் வெயிலும் இங்கேதான் வர வேண்டும் என்று எல்லோரும் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கே காய வைத்தீர் என்றுதான் வேலாயுதத்திடம் கேட்டோம். எதன் மேல் விரித்தீர் என்று யாருமே கேட்கவில்லை.

மறுநாள் காலையில் லாரி பிடித்து மற்ற எல்லோருடைய மூட்டையும் கிழக்கே போனது. சுரண்டைப் பக்கம் ஒரு சிமென்ட் களம் கிடைத்தது. யாருடைய விதை யாரிடம் போய்விடுமோ என்று பயந்து வீட்டுக்கு ஓர் ஆள் கூடவே வந்தார்கள். சோறு கட்டிக்கொண்டு, பாய் சுருட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் போனோம். சார் குடை இல்லாமல் வந்தார். இறங்கியதும் வெயிலைப் பார்த்து அவர் முகத்தில் வந்த சிரிப்பை, அத்தனை வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

சார் களத்தில் நேராகக் கொட்ட விடவில்லை. கீழே சாக்கு விரித்து, அதன் மேல் விரல் கனத்துக்குப் பரப்பச் சொன்னார். காலை வெயிலில் விரிப்பது, வெயில் ஏறியதும் குவித்து மூடி நிழலில் வைப்பது, மறுபடி சாயங்காலம் விரிப்பது. மர வாரியால்தான் கிளற வேண்டும், காலால் தள்ளக் கூடாது. பெண்கள் பொறுமை இழந்தார்கள். "உச்சி வெயில்ல போட்டா ஒரே நாள்ல காஞ்சிரும்லா சார்? வேலு காய வைக்கலையா?" என்று பேச்சியம்மாள் சண்டைக்கு நின்றார்.

சார் ஒரு மணியைக் குனிந்து எடுத்துக் காட்டினார். "இது உசுரோட தூங்குதும்மா. காய வைக்கணும், வறுத்துறக் கூடாது."

"வறுத்தா சுண்டலாவது ஆகும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பேச்சியம்மாள் குவித்து மூடினார். நான் களத்து ஓரத்தில் ஸ்டூல் போட்டு, வேளைக்கு வேளை அளந்து கத்தினேன். பதினாலு. பதிமூணரை. பன்னிரண்டு. ஒவ்வொரு புள்ளி இறங்கும்போதும், பந்தாட்டத்தில் கோல் போட்ட மாதிரிச் சத்தம் வரும். கடைசியில் எல்லாம் பத்தரைக்கு வந்தபோது என் குரல் கட்டிப் போயிருந்தது.

திரும்பி வந்ததும் உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட பைகளில் கட்டி, மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி, உயரமாக அடுக்காமல் வைத்தோம். வேலாயுதம் வாசலில் நின்று கிண்டல் செய்தார். "கூட்டமாப் போயி நாள்கணக்குல உக்காந்து காய வச்சதும் பத்தரை. நான் ஒத்தையில ஒரே நாள்ல காய வச்சதும் பத்தரை. என்ன மைனி?"

"போலே, பெரிய இவம்" என்றார் பேச்சியம்மாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆவணிக் கடைசியில் முளைப்புப் பார்த்தோம். ஒவ்வொருவர் மூட்டையிலிருந்தும் நூறு மணி. கழுவிச் சலித்த மணலைத் தட்டில் நிரப்பி, வரிசையாகக் குழி போட்டு, மணியை வைத்து மூடி, கைப்பிடியில் பிடித்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற அளவுக்கு நனைத்து வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து நேராக, இரண்டு இலையும் முழுசாக வந்த நாற்றை மட்டும் எண்ண வேண்டும். கோணல், அழுகல், பாதி வந்தது எதுவும் கணக்கில் வராது. எழுபது முளைத்தால் விதை. அதற்குக் கீழே வெறும் தானியம்.

எண்ணுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டுகளில் எல்லாம் பச்சை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஒரு தட்டில் மட்டும் மணல் தெரிந்தது. நம்பிக்கை இல்லாமல் விரலால் கிளறிப் பார்த்தேன். மணி உப்பி, வழவழவென்று நசுங்கியது. பேர்ச் சீட்டை இரண்டு தடவை படித்தேன். 

வாசலில் எல்லோரும் வந்து நின்றார்கள். வேலாயுதம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நிலத்துக்காரரிடம் நேரே போய்ச் சொல்வதற்காக. நான் ஒவ்வொரு பெயராகக் கத்தினேன். பேச்சியம்மாள், எண்பத்து நாலு. அவர் தன் கன்னத்தில் தானே தட்டிக்கொண்டார். எண்பத்தொன்று. எழுபத்தாறு. கடைசித் தட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

சார் பக்கத்தில் வந்தார். தட்டைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "இதக் கத்த வேண்டாம்மா. தனியாக் கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்" என்றார் மெதுவாக. அத்தனை வருஷத்தில் அவர் தன் விதியைத் தானே மீறிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் தட்டை உள்ளே எடுத்துப் போகத் திரும்பினேன்.

வேலாயுதம் அதற்குள் பார்த்துவிட்டார். அவர் பெயர் மட்டும்தான் பாக்கி, அவருக்குத் தெரியாதா, மணல் தெரிகிற தட்டு யாருடையது என்று? கூட்டத்திலிருந்து முன்னால் வந்து நின்றார். பிறகு சொன்னார்.

"கத்துங்க எக்கா."

"வேலு, உள்ள வாங்க, பேசுவோம்" என்றார் சார்.

"இல்ல சார். பத்தரைன்னு கத்துனப்பம் நெஞ்ச நிமித்திக்கிட்டு இந்த வாசல்லதான் நின்னேன். இதுக்கும் இங்கனயே நிக்கேன். கத்துங்க எக்கா."

  "வேலாயுதம், வடகரை" என்றேன். பாட்டுக்கும் சண்டைக்கும் உடையாத குரல் உடைந்தது. இருமிச் சரிசெய்துகொண்டு மறுபடி முதலிலிருந்து கத்தினேன். "வேலாயுதம், வடகரை, பத்தொன்பது!"

டீக்கடையில் அன்றைக்குக் கை தட்டியவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

அப்புறம் அவரே சொன்னார். புதிதாகப் போட்ட தார் ரோடு, இன்னும் வண்டி விடவில்லை, ஒரு கல் தூரத்துக்குக் கறுப்பாகப் பளபளவென்று கிடந்தது, அதிலேயே நேராகக் கொட்டினேன் என்றார். "கால் வைக்க முடியல எக்கா, அவ்வளவு சூடு. நல்லாக் காயுமேன்னு சந்தோசப்பட்டேன்." எங்கள் பக்கம் நெல்லையும் உளுந்தையும் ரோட்டில் காயப்போடாத ஆள் யார்? வெயிலைக் கண்ணில் காணாதவர்களுக்குத் தார் ரோடு ஒரு வரம். தின்கிற தானியத்துக்கு அது சரி. இவர் போட்டது விதை, அந்தச் சூட்டில் உள்ளே வெந்துவிட்டது. மீட்டர் ஈரத்தை மட்டும்தான் சொல்லும், உயிர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நானும் அதைத்தான் ஊருக்கே கேட்கும்படி கத்தியிருந்தேன்.

வேலாயுதம் சட்டையின் கைமடிப்பை இறக்கிவிட்டார். "சரி, தென்னங்கன்னு வைக்கட்டும்" என்றார். அந்தச் சொல் எனக்குத் தாங்கவில்லை. வாசல் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏலே வேலு, எங்கலே போற? அங்கிட்டு வெயில் அடிக்குன்னு வந்து சொன்னது யாரு? நீ சொல்லலைன்னா இந்தத் தட்டு பூரா மண்ணுதான். எல்லா மூட்டையும் உன் வெயில்ல காஞ்சதுதாம்லே." என் பக்கம் திரும்பினார். "எஸ்தரு, என் மூட்டையில அவனுக்கு ஒரு மரக்கா அள்ளு. இதையும் கத்து. மத்தவங்களும் கேக்கட்டும்."

கத்தினேன். "பேச்சியம்மாள், வேலாயுதத்துக்கு, ஒரு மரக்கால்!" அடுத்தவர் கை தூக்கினார். அதற்கடுத்தவர். சிலர் அரை மரக்கால்தான் கொடுத்தார்கள், அதையும் அரை என்றே கத்தினேன். சார் வாசல் தூணில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது கோபக் கணக்கில் வராது.

அந்தப் புரட்டாசியில் வேலாயுதத்தின் வயலில் சோயா முளைத்தது. வரிசைக்கு வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருந்ததாம், பல வீட்டு விதை இல்லையா? நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, தென்னங்கன்றுப் பேச்சையே எடுக்காமல் குத்தகையைத் தொடரவிட்டுப் போய்விட்டாராம்.

அடுத்த அறுப்புக்கு வேலாயுதம் முதல் ஆளாக வந்தார். மூட்டையை முட்டைக்கூடை மாதிரி இறக்கினார். நான் குத்தி எடுத்து, ஆறவிட்டு, அளந்தேன். வாசலுக்கு வரும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. "வேலாயுதம், வடகரை, பதினைந்தரை!"

அவர் சிரித்தார். "ஈரம் இருக்குல்லா எக்கா? அப்பம் உசுரும் இருக்கும். காய வச்சிக்கிடலாம்" என்றார். மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு, கிழக்கே போகிற லாரியைப் பார்த்து நடந்தார்.

அதனால்தான் சுபா, அவர்கள் வாசலை விட்டு நகராமல் நிற்கிறார்கள். போனில் வந்ததை நீ பார்த்துக்கொள், நல்லது. பார்த்துவிட்டு வெளியே வந்து கத்து. முதல் ஆளாக வேலாயுதம்தான் நிற்பார்.